நண்பனோடு போஸ்ட் கார்டு போட்டி: விதி பேசுவது முதல் சுற்றை முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

இரண்டு நண்பர்கள், ஆளுக்குக் கொஞ்சம் 50 பைசா போஸ்ட் கார்டு. ஒருவரை ஒருவர் எழுத்தால் கலாய்க்க வேண்டும். கடைசியில் தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான்.

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் இதை ஆசையாகத் தொடங்கியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலான போட்டிகள் மூன்றாவது நான்காவது கார்டோடு நின்றுபோகின்றன. எழுத வராமல் யாரும் நிறுத்துவதில்லை. விதி பேசாமல் தொடங்கியிருப்பார்கள், பின்கோடு தப்பாக இருக்கும், இல்லையென்றால் கார்டைப் படித்த அப்பா கோபித்துக்கொண்டிருப்பார். எல்லாமே முன்கூட்டியே தவிர்க்கக் கூடியவை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்ட் கார்டுக்கு உறை கிடையாது. அஞ்சலகத்தில் தபால் பிரிப்பவர், தபால்காரர், வாசலில் வாங்கும் பாட்டி என எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் அது உங்கள் நண்பன் கைக்குப் போகும். எல்லோரும் படிக்கலாம், ஆனால் அவனுக்கு மட்டும்தான் சுருக்கென்று தைக்க வேண்டும். இந்தப் போட்டியின் முழுத் திறமையும் அதில்தான் இருக்கிறது.

1. எதிராளியை முடிவு செய்யுங்கள்

முதல் போட்டிக்கு இரண்டு பேர் போதும். ஐந்தாறு பேர் சேர்ந்தால் யார் யாருக்குப் பதில் போட வேண்டும் என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் இருப்பது நல்லது. வேலூருக்குள்ளேயே கொசப்பேட்டையில் ஒருவர், சைதாப்பேட்டையில் ஒருவர் என்றால் கார்டு போய்ச் சேருவதற்குள் இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்து விஷயத்தை உடைத்துவிடுவார்கள். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே நடந்தால் கூடுதலாக ஊர்ச் சண்டையும் சேர்ந்துகொள்ளும். எழுத விஷயத்துக்குப் பஞ்சமே வராது.

அப்புறம், நேரில் கலாய்த்தால் சிரிக்கிற ஆளாகப் பாருங்கள். நேரில் முகம் சுருங்குகிறவர் எழுத்தில் இன்னும் அதிகமாகச் சுருங்குவார். பேச்சில் இருக்கும் சிரிப்பும் குரலும் எழுத்தோடு சேர்ந்து வராது.

2. முதல் கார்டுக்கு முன்னால் விதிகளைப் பேசுங்கள்

இதை நேரில் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் விதி பேசினால் யார் தோற்றுக்கொண்டிருக்கிறாரோ அவருக்குச் சாதகமாகத்தான் பேச்சு போகும்.

முதலில் கெடு. கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பதிலைப் பெட்டியில் போட வேண்டும் என்பது நடைமுறைக்குச் சரியாக வருகிறது. மூன்று நாள் என்றால் வேலைக்குப் போகிறவரால் முடியாது. பத்து நாள் என்றால் சூடு ஆறிவிடும். கார்டு வந்ததும் வாட்ஸ்அப்பில் "வந்தது" என்று ஒரே ஒரு சொல் அனுப்பலாம். கெடு அந்த நேரத்திலிருந்து ஓடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை அனுப்பக் கூடாது. "செம கார்டுடா" என்று அனுப்பிவிட்டால் எழுத வேண்டிய வேகம் அதிலேயே தீர்ந்துபோகும்.

அடுத்து எல்லை. பெற்றோர், மனைவி, உடல் நலம், கடன், சாதி, மதம், உடல் தோற்றம் இவற்றைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திறந்த கடிதம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடன் பற்றி விளையாட்டாக எழுதிய ஒரு வரி, அதைப் படிக்கிற மாமனாருக்கு விளையாட்டாகத் தெரியாது. சோம்பல், கிரிக்கெட் ஆட்டம், சமையல், ஊர்ப் பெருமை, வாங்கிப்போய்த் திருப்பித் தராத குடை, பழைய பள்ளிக்கூடக் கதை இதெல்லாம் தாராளமாக எழுதலாம்.

மூன்றாவது, தீர்ப்பு. இருவரையும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடியுங்கள். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஏழு கார்டு வைத்துக்கொள்ளலாம். சுற்று முடிந்த பிறகுதான் அவர் எல்லாக் கார்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்டுக்குக் கார்டு மதிப்பெண் போட்டால் பின்தங்கியவர் நடுவிலேயே ஆர்வம் இழந்துவிடுவார். கெடு தவறினால் அந்தக் கார்டுக்கு மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான். ஒரு தாமதத்துக்காக முழுச் சுற்றையும் பறிக்காதீர்கள்.

3. கார்டும் பேனாவும் வாங்குங்கள்

அஞ்சலகத்தில் சாதாரண போஸ்ட் கார்டு 50 பைசா. ஒற்றைக் கார்டு கேட்டால் சில்லறைப் பிரச்சினை வரும். 20 கார்டாகக் கேளுங்கள். 10 ரூபாய் ஆகிறது, ஒரு சுற்றுக்கும் எழுதிக் கெடுப்பதற்கும் போதும். சின்ன அஞ்சலகங்களில் சில நாள் கார்டு இருப்பு இருக்காது. அப்படியென்றால் உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் மொத்தமாக வாங்கி வைத்துவிடுங்கள். பதில் எழுத வேண்டிய நாளில் கார்டு தேடி அலைவதுதான் புதியவர்கள் கெடு தவறுவதற்கு முக்கியக் காரணம்.

"போட்டி" என்று சொல்லிக் கேட்காதீர்கள். தொலைக்காட்சி, வானொலிப் போட்டிகளுக்கு அனுப்புவதற்காகவே போட்டி அஞ்சலட்டை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் விலை 10 ரூபாய். உங்களுக்குத் தேவை சாதாரணக் கார்டு.

பேனா சாதாரண பால்பாயின்ட். ஜெல் பேனாவும் மைப் பேனாவும் அழகாக இருக்கும், ஆனால் அந்தத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். வேலூர் சித்திரை வெயிலில் எழுதும் கையின் வியர்வை பட்டாலே ஜெல் மை இழுபடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கார்டு நனைந்தால் முகவரியே கரைந்துபோகும். கார்டின் மேல் படம், துணி, மினுமினுப்பு எதையும் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் கார்டுக்கான சலுகைக் கட்டணம் பொருந்தாது. குறைகிற தொகையின் இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். படம் வேண்டுமென்றால் பேனாவாலேயே வரையுங்கள்.

4. முகவரியை முதலில் எழுதுங்கள்

பலர் விஷயத்தை எழுதி முடித்துவிட்டு, மீதி இடத்தில் முகவரியைத் திணிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முத்திரை அச்சிட்ட பக்கத்தின் வலது பாதி முகவரிக்கு மட்டும். இடது பாதியிலும் பின்பக்கம் முழுவதிலும் நீங்கள் எழுதலாம். முகவரியை முதலில் முடித்துவிட்டால் மீதி எவ்வளவு இடம் என்பது கண்ணுக்குத் தெரியும், கையும் பதற்றமில்லாமல் எழுதும்.

நம் பகுதியில் முகவரிப் பிழைக்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. மாவட்டத்தை அடிக்கடி பிரித்துவிட்டார்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பின்கோடு மட்டும் பழையபடியே இருக்கிறது, மாவட்ட எல்லையைப் பின்பற்றுவதில்லை. வேலூர் 632001, குடியாத்தம் 632602, ராணிப்பேட்டை 632401. ஆரணி திருவண்ணாமலை மாவட்டம், ஆனாலும் 632301. ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751, அரக்கோணம் 631001. ஆகவே பக்கத்து ஊர்தானே, 632 என்றுதான் இருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். நண்பனின் வீட்டுக்கு எந்த அஞ்சலகத்திலிருந்து தபால் வருகிறது என்று அவனையே கேளுங்கள். பெரிய ஊர் ஒன்றுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி பின்கோடு மாறும்.

திருப்பத்தூருக்கு எழுதுகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். நம் திருப்பத்தூர் 635601. சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது, அது 630211. பின்கோடு இல்லாமல் வெறும் "திருப்பத்தூர்" என்று எழுதினால் கார்டு தெற்கே போய்ச் சுற்றிவிட்டு வரலாம். ஆரணியும் இப்படித்தான், திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு ஆரணி உண்டு. காந்தி நகர் எல்லா ஊரிலும் இருக்கிறது, அதனால் "காந்தி நகர், காட்பாடி" என்று ஊரோடு சேர்த்தே எழுதுங்கள்.

எதிராளி சித்தூரில் இருந்தால் முகவரியை ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ எழுதுங்கள். விஷயம் தமிழிலேயே இருக்கட்டும். அங்கே பிரிப்பவருக்கும் தபால்காரருக்கும் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இடது பாதியின் அடியில் உங்கள் முகவரியையும் சின்னதாக எழுதிவிடுங்கள். வீடு பூட்டியிருந்தாலோ ஆள் மாறியிருந்தாலோ கார்டு திரும்பி வர வேறு வழியில்லை.

5. ரஃப் நோட்டில் எழுதிப் பாருங்கள்

கார்டின் அளவு 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர். நிதானமான கையெழுத்தில் பன்னிரண்டு பதினான்கு வரி பிடிக்கும். நேராகக் கார்டில் எழுதத் தொடங்குகிறவர்கள் முதல் எட்டு வரியில் நலம் விசாரித்து முடித்திருப்பார்கள். அடி விழ வேண்டிய இடத்தில் எழுத்து எறும்பு மாதிரி சிறுத்து ஓரத்தில் ஏறும். மிக முக்கியமான வரியைப் படிக்கவே முடியாது.

நோட்டில் கார்டு அளவுக்கு ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதுங்கள். பிறகு, கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே போய், தேவையில்லாததை அடியுங்கள். "நலம், நலமறிய ஆவல்" முதலில் போகட்டும். கடைசி வரியில்தான் அடி விழ வேண்டும். மற்ற வரிகள் எல்லாம் அதற்குத் தயார் செய்பவை.

ஒரு கார்டுக்கு ஒரு அடி. மூன்று விஷயத்தைச் சேர்த்து எழுதினால் எதிராளி மூன்றில் சுலபமானதைப் பிடித்துக்கொண்டு பதில் போட்டுவிடுவான். மற்ற இரண்டும் வீண்.

6. வசவை விடுங்கள், காட்சியைக் கொடுங்கள்

புதியவர்களின் முதல் கார்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நீ ஒரு சோம்பேறி. உனக்கு எழுதவே வராது. பதில் போடவே உனக்கு ஒரு வாரம் ஆகிறது."

இதில் எல்லாம் குற்றச்சாட்டு. படிக்கிறவருக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. வீட்டில் வேறு யாராவது படித்தால் உண்மையிலேயே சண்டை என்று நினைப்பார்கள். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"டேய் மச்சான், உன் கார்டு நேற்று வந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தது போல எங்கள் தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஒரு பாட்டி கற்பூரம் ஏற்றிவிட்டார்."

சோம்பேறி என்ற சொல்லே இல்லை. தாமதம் என்றும் இல்லை. ஆனால் பெரும்பாலும் வறண்டே கிடக்கும் பாலாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வாசலில் படிக்கிற பாட்டியும் சிரிப்பார், தைப்பது மட்டும் அவனுக்கு. உள்ளூர் விஷயத்தை எடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வரி மிச்சமாகும். சின்னக் கார்டில் வரிதான் சொத்து.

பேச்சுத் தமிழை எங்கே விடலாம் என்று கேட்பார்கள். என் கருத்து, கார்டின் உடம்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், கடைசி வரியை மட்டும் நம் ஊர்ப் பேச்சில் விடுங்கள். "இன்னாடா மச்சான், பேனாவுல மை கீதா?" என்று திடீரென இறங்கும்போது அவன் காதில் உங்கள் குரலே கேட்கும். கார்டு முழுவதும் இப்படி எழுதினால் படிக்கச் சிரமம், அந்தத் திடுக்கிடலும் போய்விடும்.

7. பதில் கார்டில் அவன் சொல்லையே பிடியுங்கள்

போட்டி ஜெயிப்பதும் தோற்பதும் இந்தப் படியில்தான். பலர் வந்த கார்டை ஒரு முறை படித்துச் சிரித்துவிட்டு, தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த வேறொரு கிண்டலை எழுதி அனுப்புகிறார்கள். அது பதில் ஆகாது. இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவருக்கும் ஒப்பிட எதுவும் இருக்காது.

இதற்கு நல்ல மருந்து அந்தாதி விதி. எதிராளி எந்தச் சொல்லில் முடிக்கிறானோ, கடைசியில் இருக்கும் "இல்லை", "உண்டு" போன்றவற்றை விட்டுவிட்டு, அந்தச் சொல்லில் நீங்கள் தொடங்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஒரு கார்டு இப்படி முடிகிறது என்று வையுங்கள்:

"உங்கள் ஊர்க் கோட்டைக்குள் ராஜா இல்லை. உன் கார்டுக்குள் விஷயம் இல்லை."

வேலூரிலிருந்து போகும் பதில்:

"விஷயம் இல்லாத கார்டுக்குத்தான் ஐந்து நாள் உட்கார்ந்து யோசித்துப் பதில் போட்டாயா, மச்சான்?"

அவனுடைய சொல்லே அவனை நோக்கித் திரும்பிவிட்டது. புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பாடும் லாவணியில் எரிந்த கட்சிக்காரர் விட்ட இடத்திலிருந்து எரியாத கட்சிக்காரர் பிடிப்பதும் இந்த வித்தைதான். அந்தாதி விதி இருந்தால் வந்த கார்டை நான்கைந்து முறை படித்தே ஆக வேண்டும், அந்தக் கட்டாயமே பதிலைக் கூர்மையாக்கும்.

தகவலால் அடிப்பது இன்னொரு வழி. வேலூரைப் பற்றி ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று ஒரு பழைய அடுக்கு உண்டு. வெளியூர் நண்பர்கள் முதல் கார்டிலேயே இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் வந்து அமர்ந்துவிட்டார். செய்தி இன்னும் உங்கள் ஊருக்கு வந்து சேரவில்லையா?" என்று ஒரு வரி போதும். ஆனால் தகவல் நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டும். தப்பான ஆண்டு எழுதிவிட்டால் அடுத்த மூன்று கார்டுக்கு அதை வைத்தே அடி வாங்குவீர்கள்.

யாப்பு தெரிந்தவர்கள் ஈற்றடி கொடுத்து விளையாடலாம். நீங்கள் கடைசி அடியைக் கொடுங்கள், அவன் மேலடி எழுதட்டும். "கார்டுக்குக் காத்திருக்கும் கண்" என்று ஈற்றடி போனால் இப்படித் திரும்பி வரலாம்:

"ஓராண்டாய் நீபோட்ட ஒன்றைத்தான் தேடுதடா
கார்டுக்குக் காத்திருக்கும் கண்."

ஈற்றடி கொடுத்தவனே மாட்டிக்கொள்கிற அழகைப் பாருங்கள். குறள் வெண்பா அளவு இருந்தால் போதும், நான்கடிக்குப் போக வேண்டாம். தளை தட்டினால் அரை மதிப்பெண் குறைக்கலாம். யாப்பு தெரியாத எதிராளியை இதற்குள் இழுப்பது நியாயமில்லை. அவனோடு விடுகதை வைத்துக்கொள்ளுங்கள்.

8. நேரம் பார்த்துப் பெட்டியில் போடுங்கள்

போடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். கார்டின் மூலையில் எண் போடுங்கள்: சுற்று 1, கார்டு 3 என்று. ஒரு நோட்டில் போட்ட தேதியை எழுதுங்கள். அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும்தான், ஆனால் பல நேரம் மை பரவியோ பாதி மட்டும் விழுந்தோ இருக்கும். கெடுவுக்கு முத்திரையை மட்டும் நம்பினால் தகராறு வரும். படம் எடுத்த தேதியும் நேரமும் துணைக்கு இருக்கட்டும்.

சிவப்புப் பெட்டியின் மேல் தபால் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். அந்த நேரம் தாண்டிப் போட்டால் கார்டு மறுநாள் வரை பெட்டிக்குள்தான் கிடக்கும். சனிக்கிழமை மாலை போட்டால் திங்கள் வரை. தெரு முனையில் துருப்பிடித்து நிற்கும் பெட்டியை விட அஞ்சலக வாசலில் உள்ள பெட்டி நம்பகமானது. கிராமத்துக் கிளை அஞ்சலகமாக இருந்தால் தபால் பை எப்போது கட்டுவார்கள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவை நாளில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும்.

ஊருக்கு ஊர் முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் கார்டு நேர்வழியில் போவதில்லை. பிரிக்கும் இடத்துக்குப் போய்த்தான் திரும்பும். இரண்டு மூன்று நாளை இயல்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தபால்காரரைத் தூதராக்க வேண்டாம். "அவன் படிச்சுட்டு என்ன சொன்னான்?" என்று அவரிடம் கேட்பது, பதிலை அவர் கையிலேயே கொடுத்து அவசரப்படுத்துவது இரண்டும் கூடாது. அவர் வேலை அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆனால் கார்டில் அவருக்கும் ஒரு வணக்கம் எழுதலாம். எப்படியும் அவர் கண்ணில் படத்தானே போகிறது.

9. கார்டு வந்து சேரவில்லை என்றால்

சாதாரணத் தபாலுக்குப் பதிவும் இல்லை, தேடும் வசதியும் இல்லை. "போட்டேன்டா, தபாலில் தொலைந்துவிட்டது" என்ற சாக்கு இந்தப் போட்டியில் கட்டாயம் வரும். விதி எளிது: படம் இருந்தால் கார்டு செல்லும், இல்லையென்றால் செல்லாது. போட்ட நாளிலிருந்து பத்து நாள் காத்திருங்கள். அதற்குள் "வந்தது" என்ற செய்தி வரவில்லை என்றால் அதே விஷயத்தை எழுத்து மாறாமல் இன்னொரு கார்டில் எழுதிப் போடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பாதீர்கள். ஒரு முறை அனுப்பினால் அடுத்த கார்டிலிருந்து பெட்டி வரை நடக்கக் கால் வராது.

இரண்டு பேரின் கார்டும் வழியில் குறுக்கே கடந்துவிட்டால், எண் குறைந்த கார்டுக்கு முதலில் பதில். மூலையில் எண் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

நடுவில் ஒருவர் வீட்டில் துக்கமோ நோயோ என்றால் ஆட்டத்தை அப்படியே நிறுத்துங்கள். அப்போது ஒரு கார்டு போடலாம், ஆனால் எண் இல்லாமல், கிண்டல் இல்லாமல். கெடு மறுபடி எப்போது தொடங்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

10. சுற்றை நேரில் முடியுங்கள்

ஏழாவது கார்டு போய்ச் சேர்ந்ததும் மூன்று பேரும் ஒரு இடத்தில் கூடுங்கள். ஆளுக்கு வந்த கார்டுகளைக் கொண்டுவந்து, எண் வரிசைப்படி அடுக்கி, நடுவர் சத்தமாகப் படிக்கட்டும். எழுதியவர் படிக்கக் கூடாது, தன் வரிக்குத் தானே ஏற்ற இறக்கம் கொடுத்துவிடுவார்.

மதிப்பெண்ணுக்கு நடுவர் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: வந்த சொல்லைப் பிடித்துப் பதில் சொன்னாரா, கடைசி வரி விழுந்ததா, எல்லை தாண்டாமல் எழுதினாரா. எல்லை தாண்டிய கார்டுக்கு, எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும், சுழியம்தான். இதில் நடுவர் கறாராக இருந்தால்தான் அடுத்த சுற்றுக்கு வீட்டில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

தோற்றவர் பிரியாணி. ஆம்பூரா வாணியம்பாடியா என்பதை ஜெயித்தவர் சொல்லலாம், தோற்றவருக்கு அதை எதிர்த்து ஒரு கார்டு எழுத உரிமை உண்டு. ஆற்காட்டில் கூடினால் மக்கன் பேடா என்ற இனிப்பும் சேரும். கார்டுகளில் கை வைக்கும் முன் எண்ணெய்க் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

கார்டுகளை வாங்கியவரே வைத்துக்கொள்வது முறை. ரப்பர் பேண்டு போடாதீர்கள். நம் வெயிலில் அது இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நூலால் கட்டி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். அடுத்த சுற்றின் தலைப்பைத் தோற்றவர் முடிவு செய்வார், முதல் கார்டும் அவருடையது. கலைந்து போவதற்கு முன் இருவரின் முகவரியையும் பின்கோட்டையும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் இடையில் மாறியிருப்பார்கள்.